எடுத்த படத்தை எடுத்த ஊரிலேயே போட்டுக் காட்டுங்கள்

ஒரு வாழ்வாதாரத் திட்டத்தின் இறுதி மதிப்பீட்டை ஏற்றிருக்கும் தோழர் ஒருவர் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். நிதி தரும் அமைப்பு வழக்கமான அறிக்கையுடன் பத்து நிமிடக் காணொளி ஒன்றும் வேண்டும் என்கிறது. அதை ஆய்வுச் சான்றாகக் கொள்ளலாமா, விளம்பரப் படமாகத்தான் கொள்ள வேண்டுமா என்பது முதல் கேள்வி. கேமராவைப் பார்த்ததும் மக்கள் திட்டத்தைப் புகழத் தொடங்கிவிடுகிறார்களே, அந்தப் பேச்சை எப்படி நம்புவது என்பது இரண்டாவது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் போதுமா என்பது மூன்றாவது. 20 ஆண்டுகளாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காணொளி சான்றாகும். ஆனால் நிதியாளர் கேட்கும் அந்தப் பத்து நிமிடப் படம் தன்னளவில் சான்றாகாது. மதிப்பீட்டாளர் ஏற்கெனவே எட்டிவிட்ட முடிவை அடுத்தவருக்கு எடுத்துச் சொல்லும் படம் அது. சான்று இரண்டு இடங்களில் இருக்கிறது. வெட்டாத முழுப் பதிவில் இருக்கிறது. அந்தப் பதிவை எடுத்த ஊரிலேயே திரும்பப் போட்டுக் காட்டும்போது யார் என்ன சொன்னார்கள், எந்த இடத்தில் மறுத்தார்கள், எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார்கள் என்பதில் இன்னும் அதிகமாக இருக்கிறது. பெரும்பாலான மதிப்பீடுகள் இந்த இரண்டாவது கட்டத்துக்குப் பணமும் நாளும் ஒதுக்குவதே இல்லை. காணொளி என்றாலே விளம்பரம் என்ற எண்ணம் நம் துறையில் ஊறிப்போனதற்கு முதன்மைக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொன்னால் இது தெளிவாகும். சில ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மலையடிவார ஊர் ஒன்றில், புகை குறைவாக வரும் உலோக விறகடுப்புகளை வீடுகளுக்கு வழங்கிய திட்டத்தை மதிப்பிடும் குழுவில் இருந்தேன். வினாப்படிவத்தில் பெரும்பாலான பெண்கள் புதிய அடுப்பைத் தினமும் பயன்படுத்துவதாகச் சொல்லியிருந்தார்கள். ஓர் அம்மாவை அவருடைய சமையற்கட்டிலேயே உட்காரவைத்துப் படம் எடுத்தோம். கண் எரிச்சல் இல்லை, விறகு மிச்சமாகிறது, பிள்ளைகளுக்கு இருமல் குறைந்திருக்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரவு அறைக்குத் திரும்பிப் பதிவை ஓட்டிப் பார்த்தபோதுதான், பேச்சிலேயே கவனம் வைத்திருந்த நாங்கள் பார்க்கத் தவறியது கண்ணில் பட்டது. அவருக்கு வலப்புறம் இருந்த புதிய அடுப்பின் வாயில் கரி படிந்த அடையாளமே இல்லை. அதன் மேல் ரேஷன் அரிசிப் பை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இடப்புறம், காட்சியின் ஓரத்தில், பழைய மண் அடுப்பில் காலையில் எரித்த சாம்பல் அள்ளாமல் கிடந்தது.

இதைப் பயனாளி சொன்னது உண்மையில்லை என்பதற்குச் சான்றாக அறிக்கையில் வைத்திருக்க முடியும். வைத்திருந்தால், அடுப்பு பயன்படவில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏன் பயன்படவில்லை என்பது தெரிந்திருக்காது. மறுநாள் காலை மடிக்கணினியில் அந்த அம்மாவுக்கு மட்டும் போட்டுக் காட்டினோம். சிறிது நேரம் பேசாமல் பார்த்தவர், "அந்த அரிசிப் பைய எடுத்து வெக்க மறந்துட்டேனே சார்" என்று சிரித்துவிட்டார். அழித்துவிடவா என்று கேட்டோம். "அழிக்காதீங்க. தெருவுல போடுங்க, நானே சொல்றேன்" என்றார். அன்று மாலை கோயில் திண்ணைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டித் திரையிட்டபோது, படம் ஓடிய நேரத்தைப்போலப் பல மடங்கு நேரம் பெண்கள் பேசினார்கள். களி கிண்டும்போது பானையை அசையாமல் அண்டக் கொடுத்து, இரண்டு கைகளாலும் துடுப்பைப் பிடித்து முழு பலத்தையும் போட்டுச் சுழற்ற வேண்டும். எடை குறைந்த அந்த உலோக அடுப்பு ஆடுகிறது, கொதிக்கிற பானை சாய்ந்துவிடும் என்ற பயம். அதனால் டீக்கும் பிள்ளைகளுக்கு வெந்நீர் வைக்கவும் மட்டும் ஓரிருவர் புதிய அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். தினமும் களி கிண்டும் வீட்டில் அது மூலைக்குப் போய்விட்டது. வினாப்படிவத்தில் இதைச் சொல்ல இடமே இல்லை, ஏனென்றால் அதைத் தயாரித்த எங்களில் ஒருவருக்கும் களி கிண்டிப் பழக்கம் இல்லை. அறிக்கையின் முதன்மைப் பரிந்துரை அந்தத் திண்ணையிலிருந்து வந்தது.

படத்தைத் திரும்பப் போட்டுக் காட்டுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1950களில் பிரெஞ்சு மானிடவியலாளர் ழான் ரூஷ், நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையாடும் சோர்கோ மக்களைப் பற்றி எடுத்த படத்தை அயோரு என்னும் அவர்களுடைய ஊரிலேயே திரையிட்டார். வேட்டைக் காட்சிக்கு விறுவிறுப்பூட்ட அவர் பின்னணியில் இசை சேர்த்திருந்தார். பார்த்த வேட்டைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. வேட்டைக்கு அமைதிதான் முதல் தேவை, இவ்வளவு சத்தம் கேட்டால் நீர்யானை தப்பி ஓடிவிடும் என்றார்கள். ரூஷ் இசையை எடுத்துவிட்டார். தன்னோடு பழகியவர்கள் தன் வேலையைப் பார்த்துத் திருத்தும் உறவு அப்படித்தான் தொடங்கியது என்று அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். எழுத்தறிக்கையை அந்த ஊரில் யாரும் படித்துத் திருத்தியிருக்க முடியாது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜோசப் டோபினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980களில் இதையே ஒரு முறையியலாக வளர்த்தார்கள். ஜப்பான், சீனா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில், நாட்டுக்கு ஒரு மழலையர் பள்ளியின் ஒரு நாளைப் படமெடுத்து, அதை முதலில் அந்த ஆசிரியர்களுக்கும், பிறகு மற்ற இரு நாட்டு ஆசிரியர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஜப்பானியப் பள்ளியில் ஒரு சிறுவன் மற்றப் பிள்ளைகளோடு ஓயாமல் சண்டையிடுகிறான்; ஆசிரியை தலையிடவில்லை. அமெரிக்க ஆசிரியர்களுக்கு அது கவனக்குறைவாகப் பட்டது. பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விலகி நின்றதாக ஜப்பானிய ஆசிரியை விளக்கினார். அந்த ஆய்வில் படம் கேள்வியாகவே இருந்தது. பார்த்தவர்களின் விளக்கங்கள்தான் தரவு. வெளியிலிருந்து செல்லும் மதிப்பீட்டாளர், கண்ணால் கண்டதற்குத் தானே பொருள் சொல்லிவிடும் ஆபத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வளர்ச்சித் துறைக்கு வந்தால், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உள்ள ஃபோகோ தீவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1967இல் அங்கே மீன்பிடித் தொழில் நலிந்திருந்தது. சிறு கரையோரக் குடியிருப்புகளைக் காலி செய்து மக்களை வேறிடங்களுக்கு மாற்றும் கொள்கையை மாகாண அரசு பின்பற்றி வந்தது. தீவின் ஊர்கள் சமயப் பிரிவாலும் பழைய பிணக்குகளாலும் ஒன்றோடொன்று அதிகம் பேசாதவை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தொடங்கியிருந்த 'மாற்றத்துக்கான அறைகூவல்' என்ற திட்டத்தின் கீழ் இயக்குநர் காலின் லோவும், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவைச் சேர்ந்த டொனால்ட் ஸ்னோடனும் அங்கே 16 மி.மீ. படச்சுருளில் வேலையைத் தொடங்கினார்கள்.

அவர்கள் எடுத்த முடிவுகளில் மூன்று இன்றும் நமக்கு வேண்டியவை. தீவைப் பற்றி ஒரு பெரிய ஆவணப்படம் எடுக்காமல், ஒருவருடைய பேச்சு அல்லது ஒரு நிகழ்வு என்று ஏறத்தாழ முப்பது குறும்படங்களாக எடுத்தார்கள். ஒருவர் சொல்வதை அடுத்தவர் மறுப்பதுபோல் மாற்றி மாற்றி வெட்டி ஒட்டினால் படம் சுவைக்கும். ஆனால் பேசியவர்களிடையே பகை மூளும், வாதத்தைப் படத்தொகுப்பாளரே முடித்து வைத்ததாகவும் ஆகிவிடும். அதனால் அதைத் தவிர்த்தார்கள். அடுத்து, படத்தில் வருபவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டி, வேண்டாம் என்றதை எடுத்துவிட்ட பிறகே வெளியே காட்டினார்கள். மூன்றாவதாக, படங்களை ஊர் ஊராகத் திரையிட்டு, ஒவ்வொரு திரையிடலுக்குப் பின்னும் பேச விட்டார்கள். நேருக்கு நேர் சந்தித்தால் பேசாத ஊர்கள், தங்கள் குறை ஒன்றுதான் என்பதைத் திரையில் கண்டார்கள். பிறகு படங்கள் மாகாணத் தலைநகரில் அமைச்சர்களுக்குக் காட்டப்பட்டன; மீன்வள அமைச்சரின் பதிலும் படமாக்கப்பட்டுத் தீவுக்குத் திரும்பி வந்தது. தீவில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அது இன்றும் இயங்குகிறது. தீவைக் காலி செய்யும் நிலையும் வரவில்லை.

இங்கே மதிப்பீட்டாளராக ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனையும் படங்களால்தான் நடந்தது என்று பல பயிற்சிக் கையேடுகள் எழுதிவிட்டன. கேமரா வருவதற்கு முன்பே 1964இலிருந்து தீவில் முன்னேற்றக் குழு ஒன்று இயங்கிவந்தது. ஊர்களை நன்கறிந்த உள்ளூர்ச் சமூகப் பணியாளரும் பல்கலைக்கழகத்தின் தொடர் உதவியும் இருந்தன. படங்கள் வேகப்படுத்தின என்று சொல்லலாம். தனியாகச் சாதித்தன என்று சொல்லச் சான்று போதாது. உங்கள் அறிக்கையிலும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள்.

கேமராவை யார் பிடிப்பது என்ற கேள்வி அதன் பிறகு எழுந்தது. தூக்கிச் செல்லக்கூடிய வீடியோக் கருவி வந்த பின் அதற்குப் பதில் சொல்வது எளிதாயிற்று. 1984இல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவைச் சேர்ந்த 20 பெண்களுக்கு, அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், அமெரிக்கத் தயாரிப்பாளர் மார்த்தா ஸ்டூவர்ட் பயிற்சி தந்தார். தெலங்கானாவின் ஜஹீராபாத் அருகே பஸ்தாப்பூரில், தக்காண மேம்பாட்டுச் சங்கத்தின் தலித் பெண் விவசாயிகள் 2001இலிருந்து தங்களுடைய ஊடக அறக்கட்டளையை நடத்திவருகிறார்கள். வாரங்கல் பகுதியில் மரபணு மாற்றப் பருத்தி பயிரிட்டவர்களின் வயல்களுக்குப் பருவந்தோறும் சென்று அவர்கள் செய்த பதிவுகள் பரவலாகப் பேசப்பட்டன. கண்மட்டத்தில் வைத்து எடுக்கும் காட்சிக்கு அந்தப் பெண்கள் 'சங்கம் ஷாட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சங்கத்தில் எல்லாரும் தரையில் சமமாக உட்கார்ந்துதானே பேசுகிறோம் என்பது அதன் பொருள். பாடப்புத்தகத்தில் கேமராக் கோணம் பற்றி எத்தனை பக்கங்கள் படித்தாலும் இந்த ஒரு சொல் கற்றுத் தருவதைக் கற்க முடியாது. நாற்காலியில் அமர்ந்த மதிப்பீட்டாளர், தரையில் அமர்ந்த பெண்ணை மேலிருந்து எடுத்த படங்களை நம் அறிக்கைகளின் அட்டையில் இன்றும் பார்க்கிறோம்.

இந்த வழியை மதிப்பீட்டோடு முறையாக இணைக்க விரும்பினால், 'மிக முக்கியமான மாற்றம்' என்ற முறையைப் பாருங்கள். ரிக் டேவிஸ் 1990களில் வங்கதேசத்தில் ஊரக வளர்ச்சித் திட்டம் ஒன்றைக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது அது. மக்கள் தங்கள் வாழ்வில் ஏற்பட்ட மாற்றங்களைக் கதைகளாகச் சொல்ல, ஊர் மட்டத்திலும் அதற்கு மேலுள்ள மட்டங்களிலும் குழுக்கள் கூடி எந்த மாற்றம் முக்கியம் என்று தேர்ந்தெடுப்பார்கள். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எழுதி வைப்பதுதான் அதன் உயிர்நாடி. இன்சைட்ஷேர் போன்ற அமைப்புகள் இதை மக்கள் பங்கேற்கும் காணொளியோடு இணைத்துப் பல நாடுகளில் செய்திருக்கின்றன. இதில் ஒரு குறை உண்டு. மாற்றம் என்று கேட்டவுடன் நல்ல மாற்றமே வந்து குவியும். ஆகவே, எதிர்பாராத மாற்றம், தீங்காக முடிந்த மாற்றம் ஆகியவற்றையும் தனியே கேட்டு, திட்டத்தை விட்டு விலகியவர்களையும் பேச வைக்க வேண்டும்.

எண்ணிக்கை சார்ந்த ஆய்வுக்குக் காணொளி ஒத்துவராது என்ற கருத்து தவறு. 1995இன் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வின் பகுதியாக, ஜெர்மனியில் 100, ஜப்பானில் 50, அமெரிக்காவில் 81 என 231 எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்கள் மாதிரி முறைப்படித் தேர்ந்து பதிவு செய்யப்பட்டன. கவனமாகப் பாடம் கேட்கும் ஒரு மாணவர் எதைப் பார்ப்பாரோ அதைக் கேமரா பார்க்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்களுக்கு விதி இருந்தது. இது வழக்கமான பாடம்தானா என்று ஆசிரியரிடமும் கேட்டார்கள். பதிவு கையில் இருந்ததால், ஒருவர் குறியீடு செய்ததை, அதாவது காட்சிகளை வகைப்படுத்திக் குறித்ததை, இன்னொருவர் சரிபார்க்க முடிந்தது. வகுப்பறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவரின் நோட்டை அப்படிச் சரிபார்க்க முடியாது. நம் சிறிய மதிப்பீடுகளுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்: எந்த வீடு, எந்த நாள், எந்தக் கோணம் என்பதைப் படம் எடுக்கும் முன்பே எழுதி வையுங்கள். நன்றாகப் பேசுபவரைத் திட்டப் பணியாளர் அழைத்து வந்து நிறுத்துவது மாதிரித் தேர்வு ஆகாது.

உதய்பூரில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் நடந்த ஆய்வு கேமராவின் வேறொரு முகம். நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர் ஒருவர் ஆசிரியரைப் படம் எடுப்பார். தேதியும் நேரமும் மாற்ற முடியாதபடி பதிவாகும். வந்த நாட்களுக்கு ஏற்பச் சம்பளம். எஸ்தர் டுஃப்லோ, ரேமா ஹன்னா, ஸ்டீபன் ரயன் ஆகியோரின் ஆய்வில், இந்த ஏற்பாடு இல்லாத பள்ளிகளில் 42 விழுக்காடாக இருந்த ஆசிரியர் வராமை, இந்தப் பள்ளிகளில் 21 விழுக்காடாக இருந்தது. அது கண்காணிப்பு, படத்தோடு சம்பளமும் சேர்ந்து செய்த வேலை. கண்காணிக்கும் கேமராவையும் கற்றுக்கொள்ளும் கேமராவையும் ஒரே ஊரில், ஒரே குழு கொண்டுபோகக் கூடாது. நேற்று வருகையைச் சோதித்த கருவியின் முன் இன்று யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கேமரா முன்னால் மக்கள் நடப்பதும் பேசுவதும் மாறும் என்பது உண்மைதான். வினாப்படிவத்தோடு வரும் அந்நியர் முன்னாலும் மாறும். காணொளியில் அந்த மாற்றமும் சேர்ந்தே பதிவாகிறது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் நன்மை. அதைப் பயன்படுத்த வேண்டுமானால், கேட்பவரின் கேள்வியை ஒருபோதும் வெட்டிவிடக் கூடாது. "அடுப்பால் நன்மைதானே?" என்று கேட்டு வாங்கிய "ஆமாம்" என்பதற்கும், தானாகச் சொன்னதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சுற்றி யார் நின்றார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். முடிந்தால் தொடக்கத்தில் ஒருமுறை கேமராவைச் சுற்றிலும் திருப்பிப் பதிவு செய்துவிடுங்கள். பேசுபவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு ஓரமாக நிற்கும் களப்பணியாளரை நிமிர்ந்து பார்ப்பதைப் பல பதிவுகளில் கண்டிருக்கிறேன்.

ஒப்புதலைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி, தான் பட்ட கடனையும் வட்டியையும் பற்றி எங்கள் கேமரா முன் விரிவாகப் பேசினார். கையெழுத்தும் போட்டிருந்தார். மதிப்பீட்டுக்காக எடுத்த அந்தப் பதிவின் ஒரு துண்டை ஓராண்டுக்குப் பின் ஓர் அமைப்பு தன் விளம்பரப் படத்தில் சேர்த்தது. அது செல்போன்கள் வழியாகச் சுற்றி, வட்டிக்குக் கொடுத்தவரிடமே போய்ச் சேர்ந்தது. முகத்தை மறைத்திருந்தார்கள். ஆனால் குரல் அவருடையது, பின்னால் தெரிந்த வேப்பமரமும் திண்ணையும் அவருடையவை. ஊர்க்காரருக்கு முகம் தேவைப்படவில்லை. ஊருக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை; அடுத்த முறை கேட்கப் போனபோது எங்களோடு பேச மட்டும் மறுத்துவிட்டார்.

ஆகவே கையெழுத்து போதாது. எடுப்பதற்கு முன் ஒருமுறையும், எடுத்ததைப் பார்த்த பின் ஒருமுறையும், தொகுத்த வடிவத்தைப் பார்த்த பின் இன்னொருமுறையும் ஒப்புதல் கேட்க வேண்டும். ஆய்வுக்குழு மட்டும் பார்க்கலாம், ஊரில் காட்டலாம், நிதியாளருக்குக் காட்டலாம், இணையத்தில் போடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இணையத்தில் போட்டால் சம்பந்தியும் பார்ப்பார், கடன்காரரும் பார்ப்பார், நாங்கள் நினைத்தாலும் முழுதாக எடுக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2023இல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் தந்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டம் சொல்கிறதோ இல்லையோ, திரும்பப் பெற யாரை அழைப்பது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய செல்போன் போதும். சட்டையில் குத்தும் மைக்குக்குச் செலவிடுங்கள். மங்கலான படத்தை வைத்து வேலை செய்யலாம், பேச்சு கேட்காத பதிவால் பயன் இல்லை. நாட்களைத்தான் எல்லாரும் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். என் அனுபவத்தில் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்கவே ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. கையசைவு, பார்வை, இடம் ஆகியவற்றையும் குறியீடு செய்தால் அது இரட்டிப்பாகும். எனவே குறைவாக எடுங்கள். ஐம்பது பேரிடம் எடுத்து யாரும் பார்க்காமல் ஹார்ட் டிஸ்க்கில் கிடப்பதைவிட, பத்துப் பேரிடம் எடுத்து முழுதாகப் பார்ப்பது மேல்.

நிதியாளரோடு செய்யும் ஒப்பந்தத்தில் இவற்றை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்: களப்பணி நாட்களில் மூன்றில் ஒரு பங்கு திரையிடலுக்கும் அதன் பின் நடக்கும் பேச்சைப் பதிவு செய்வதற்கும்; பத்து நிமிடப் படம் அறிக்கை முடிந்த பிறகே, ஊர் பார்த்து ஒப்பிய பின்பே; முழுப் பதிவு ஆய்வுக்குழுவிடம் மட்டும், எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்ற குறிப்போடு; தொகுத்த படத்தின் ஒரு படி, பேசியவர்கள் ஒவ்வொருவரின் கையிலும்.